ஆறு வந்தது, யானைகள் போயின

2023 மார்ச் 22, புதன் – நன்யுகியிலிருந்து ஆர்ச்சர்ஸ் போஸ்ட்

நைரோபியில் இருக்கும் தம்பியோடு வட கென்யாவின் சம்புரு சரணாலயத்துக்குப் பயணம். காலை ஏழு மணிக்கு நன்யுகியில் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு டீ குடித்தேன். கென்யா மலையின் அடிவாரம் மட்டும்தான் தெரிந்தது, மீதியெல்லாம் மேகம். ராத்திரி நல்ல மழை. விடுதிக்காரப் பெண்மணி வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளியபடியே, "மசிகா வந்தாச்சு" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். மார்ச்சில் ஆரம்பித்து மே வரை பெய்யும் பெரிய மழைக்கு இங்கே மசிகா என்று பெயர். அக்டோபரில் வரும் சின்ன மழை வூலி. 2020 கடைசியிலிருந்து இவை இரண்டுமாகச் சேர்ந்து அடுத்தடுத்து ஐந்து பருவம் பொய்த்துவிட்டன. அந்தச் சிரிப்பின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை.

1,900 மீட்டர் உயரத்திலிருந்து 1,100 மீட்டருக்கு இறக்கம். இசியோலோ வந்ததும் சால்வை போனது, ஸ்வெட்டர் போனது, கார்க் கண்ணாடியும் இறங்கியது. மேலே பச்சைக் கோதுமை வயல், கீழே புழுதி. நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

இசியோலோவில் சாப்பிட்டோம். சப்பாத்தியும் 'ந்தெங்கு'வும் தட்டு 150 ஷில்லிங். நூறு ஷில்லிங் நம் காசுக்கு அறுபத்துச் சொச்சம் ரூபாய். ந்தெங்கு என்பது நம் பச்சைப்பயறுதான். வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி போட்டுக் கெட்டியாகக் கடைந்திருந்தார்கள். சப்பாத்தியைக் கொஞ்சம் தடிமனாக, எண்ணெய் தாராளமாக விட்டுச் சுட்டிருந்தார்கள். நம் நாட்டவர் கொண்டுவந்த பண்டம் நூறு வருடத்துக்கு மேலாக இவர்களுடையதாகிவிட்டது. பரிமாறிய பையன் என்னை "மாமா" என்று கூப்பிட்டான். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. நோன்பு தொடங்கப்போகிற நாள், பக்கத்துக் கடையில் சோமாலிப் பெண்கள் பேரீச்சம்பழத்துக்குக் கூட்டமாக நின்றார்கள்.

ஆர்ச்சர்ஸ் போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பாலம். நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். கீழே கரைக்குக் கரை மணல். நடுவில் ஆடுகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. "ஆறு எங்கே?" என்றேன். ஓட்டுநர் மணலைக் கைகாட்டி, "இதுதான் எவாசோ நியிரோ" என்றார். பழுப்பு நிற ஆறு என்று அர்த்தமாம்.

மார்ச் 23, வியாழன் – மணல்

விடியற்காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். எங்கள் வழிகாட்டி இந்த ஊர்க்காரர், சம்புரு இனத்து இளைஞர். பார்க்கிற எல்லோருக்கும் ஜீப்பை மெதுவாக்கி "சுபா" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். ஆள் ஒன்றானாலும் பத்தானாலும் அதே நிதானம். சரணாலயத்துக்குள் ஒரு நாளுக்கு, வெளிநாட்டவருக்கு 70 டாலர் கட்டணம். தம்பிக்கு இங்கே வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு இருப்பதால் அவனுக்குக் குறைவு.

யானைகளை ஆற்றுக்கு நடுவில் பார்த்தோம். பதினான்கு. ஒரு பெரிய பெண் யானை முன்காலால் மணலை எத்தி எத்தித் தள்ளிக்கொண்டிருந்தது. குழி முழங்கால் ஆழம் போனதும் தும்பிக்கையை விட்டு ஈர மணலை அள்ளி வெளியே போட்டது. பிறகு காத்திருந்தது. அவசரமே இல்லை. குழியின் அடியில் தண்ணீர் கசிந்து சேர வேண்டும் அல்லவா? ஊற்று! சேர்ந்ததும் முதல் இரண்டு உறிஞ்சலைப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மூன்றாவதைத்தான் வாயில் விட்டுக்கொண்டது. ஒரு குட்டிக்குத் தும்பிக்கையைப் பயன்படுத்த இன்னும் பழகவில்லை. அது மண்டியிட்டு, குழிக்குள் தலையை நுழைத்து வாயாலேயே குடித்தது.

கொஞ்ச தூரத்தில் கிரேவி வரிக்குதிரைகள் ஏழு வரிசையாக நின்றன. நாம் படத்தில் பார்க்கும் சாதாரண வரிக்குதிரைக்கு அகலமான பட்டை. இதற்குப் புடவைக் கரையின் இழைபோல் நெருக்கமான கோடுகள், வயிறு வெள்ளை, காது பெரிதாக வட்டமாக இருக்கும். உலகத்திலேயே மூவாயிரம் அளவில்தான் மிச்சம், பெரும்பகுதி இந்த வட கென்யாவில். யானைகள் போகும்வரை அவை நகரவே இல்லை. போன பிறகு வரிக்குதிரைகள், அதன் பிறகு ஓரிக்ஸ் மான்கள், பபூன் குரங்குகள், கடைசியில் நீலக் கழுத்துக் கினிக்கோழிகள். ஒரு யானை வெட்டிய ஊற்றில் இத்தனை வாய். நாங்கள் மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். தம்பி ஒரு தடவைகூட "போகலாமா அக்கா" என்று கேட்கவில்லை.

கரையோரம் தூம் பனைகள். பனையிலேயே கிளை விட்ட மரத்தை நான் இன்றுதான் பார்த்தேன். ஓலையும் காய்க்குலையும் நமக்குத் தெரிந்ததுதான். நடுமரம் மட்டும் இரண்டாக, நான்காகப் பிரிந்து நிற்கிறது.

ஒரு வளைவில் குட்டை ஒன்று மிச்சமிருந்தது. அதில் முதலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. பன்னிரண்டுவரை எண்ணினேன். அதற்கு மேலே கரையில் யானை எலும்புகள். மண்டையோடு மட்டும் ஓர் அம்மிக்கல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. போன நவம்பரில் அரசு ஒரு கணக்கு வெளியிட்டது: ஒன்பது மாத வறட்சியில் கென்யாவில் செத்த யானைகள் 205, கிரேவி வரிக்குதிரைகள் 49. நைரோபியில் செய்தியாகப் படித்தது. இங்கே அந்த எண்களில் ஒன்று எங்கள் ஜீப்பிலிருந்து பத்தடி தள்ளிக் கிடந்தது.

சரணாலயத்துக்கு வெளியே, அதே ஆற்று மணலில் பெண்கள் குழி தோண்டி மஞ்சள் கேன்களில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தி குழிக்குள் இறங்கி நின்று குவளையால் மொண்டு மேலே நீட்டினாள். கழுத்து நிறைய மணிமாலை. ஒரு கேன் 20 லிட்டர் நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 24, வெள்ளி – பிறை

36 டிகிரி. மதியம் கூடாரத்துக்குள் இருக்க முடியாமல் வேல மரத்தடியில் நாற்காலி போட்டுக் கிடந்தோம். ஜெரினுக் மான் ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து நின்று புதரின் உச்சி இலைகளைத் தேடிக்கொண்டிருந்தது. இந்த மான் தண்ணீர் குடிக்காமலே வாழக்கூடியது, இலையில் உள்ள ஈரமே போதும். ஆனால் அந்தப் புதரில் இலையே பத்துப் பன்னிரண்டுதான்.

சாயங்காலம் வழிகாட்டியின் பெரியப்பா முகாமுக்கு வந்தார். பெரியவர் வந்ததும் இளைஞர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நீட்டினார்கள். அவர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்தார். என் தலையிலும் வைத்தார். டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தார். அறுபது மாடு இருந்த பட்டியில் இப்போது நாலு நிற்பதாகச் சொன்னார். வற்றிய மாட்டை விற்கப் போனால் லாரி வாடகைக்கும் தேறவில்லையாம். அவர் தம்பி மகன்கள் ஒட்டகத்துக்கு மாறிவிட்டார்கள். "ஒட்டகம் காத்திருக்கும், மாடு காத்திருக்காது" என்றார். புலம்பல் எதுவும் இல்லை, பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு மாட்டின் நிறத்தையும் விவரித்தார். வழிகாட்டி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏழு மணிக்கு மேற்கே பிறை. அதற்குக் கொஞ்சம் கீழே வெள்ளி, அப்படி ஒரு பிரகாசம். ஊரிலிருந்து அம்மா வாட்ஸப்பில் அதே பிறையை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அங்கே நிலா வெள்ளியை மறைத்து விட்டதைத் தெருவே பார்த்ததாம். பெரியவர் பிறையைப் பார்க்கவில்லை, தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தொடுவானத்தில் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. கென்யா மலையும் அதற்கப்பால் அபெர்டேர் மலைத்தொடரும் அந்தப் பக்கம்தான். "ந்காய்" என்றார். அவர்கள் மொழியில் கடவுளுக்கும் மழைக்கும் அதே சொல்.

மார்ச் 25, சனி – ஆறு வந்தது

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

காலையிலும் இங்கே ஒரு பொட்டு மேகம் இல்லை. பதினோரு மணிக்கு வழிகாட்டிக்கு ஃபோன். மேற்கே, ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் மைத்துனர். தண்ணீர் அவர்கள் ஊரைத் தாண்டிவிட்டதாம். முகாமில் சமையல்காரர் முதல் காவலாளிவரை வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள். அடுப்பில் ஆட்டுக்கறி அப்படியே. வானத்தில் மழை இல்லாமல் வெள்ளத்துக்குக் காத்திருப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. அவர்களுக்கு இது வழக்கம். சம்புருவில் ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் மழைதான். இந்த ஆறு பிழைப்பது முழுக்க மலைமழையில். அந்த மழையிலும் நன்யுகி சுற்றிலும் உள்ள பண்ணைகள், பூத்தோட்டங்கள், கிராமங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் கீழே இறங்குகிறது. அதனால்தான் கோடையில் மணல் நீளம் கூடிக்கொண்டே போகிறது என்று சமையல்காரர் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பிப்ரவரியிலும் கணுக்கால் அளவு ஓடுமாம்.

இரண்டு மணிவாக்கில் ஆற்று நடுவில் நின்ற யானைகள் ஊற்றை விட்டுவிட்டுக் கரையேறின. ஓடவில்லை. பெரியது முன்னால் போக, குட்டிகள் நடுவில், வரிசையாக ஏறின. "இப்போ வந்துரும்" என்றார் வழிகாட்டி. அரை மணி கழித்து முதலில் மணம் வந்தது. காய்ந்த மண்ணில் தண்ணீர் படும் மணம், கூடவே சாணி மணம்.

பிறகு, வளைவிலிருந்து ஒரு நாக்கு. ஆறு இப்படித்தான் வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அலையாக வரவில்லை. கையகல நுரை, அதன் முன்னால் சுள்ளி, ஓலை, ஆட்டுப் புழுக்கை. மணல் அதைக் குடிக்கக் குடிக்க அது தயங்கித் தயங்கி நின்று, பின்னாலிருந்து தள்ளப்பட்டு மறுபடி நகர்ந்தது. காலையில் யானைகள் தோண்டிய குழிக்குள் விழுந்து, குழியை நிரப்பி, அடுத்த குழிக்குப் போனது. அதன் கூடவே கரையில் நடந்து போக முடிந்தது, அவ்வளவு மெதுவாக. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நடந்தான். மராபு நாரைகள் நாலைந்து எங்களுக்கு எதிர்ப்பக்கம் அதே மாதிரி நடந்து வந்தன. தண்ணீருக்குத் தப்பி ஓடும் தேளையும் பூச்சியையும் கொத்திக்கொண்டே.

இருபது நிமிடம்தான் அந்த நிதானம். அதற்கப்புறம் சத்தம் வந்தது. வழிகாட்டி தம்பியின் கையைப் பிடித்து மேலே இழுத்தார். முழு மரம் ஒன்று வேரோடு உருண்டு வந்தது. நாலு மணிக்குக் கரைக்குக் கரை செம்பழுப்பு வெள்ளம். நாங்கள் நேற்று ஜீப் ஓட்டிப்போன தடம், முதலைக் குட்டை, எல்லாம் அடியில். முதலைகள் பிரிந்து போய்விட்டன, ஒன்றைக்கூடக் காணவில்லை.

ஒரு ஆண் யானை மட்டும் திரும்பி வந்து, முன்னங்கால் நனையும் ஆழத்தில் நின்று, தும்பிக்கை நிறைய எடுத்து முதுகில் ஊற்றிக்கொண்டது. ஊற்றிக்கொண்டே இருந்தது. சமையல்காரர் கைதட்டினார். எல்லோரும் தட்டினோம். ஆட்டுக்கறி தீய்ந்துவிட்டது. இரவு உகாளி என்கிற மக்காச்சோளக் களியும் கீரையும்தான், யாருக்கும் குறையில்லை.

மார்ச் 26, ஞாயிறு

இரவு ஒரு மணிக்கு இங்கேயும் பெய்தது. வாளியால் கொட்டியதுபோல. இரண்டு மணிக்குக் காவலாளி டார்ச்சோடு வந்து, "அம்மா, மேலே போகணும்" என்றார். ஆறு எங்கள் கூடாரத்துக்கு எட்டடிக்கு வந்திருந்தது. பையைத் தலையில் வைத்து, கணுக்கால் சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினோம். சமையல் கொட்டகையில் எட்டுப் பேர் உட்கார்ந்தே தூங்கினோம். கூடாரம் போட்ட இடம் பள்ளம் என்பதை முகாம்காரர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அழகான காட்சி கிடைக்கும் என்று கரையோரமாகக் கொடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

பயம் காரணமில்லாமல் இல்லை. 2010 மார்ச்சில் இதே ஆறு ஒரே காலையில் பல முகாம்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. யானைகளைத் தனித்தனியே அடையாளம் வைத்துப் பல வருடமாகத் தொடரும் 'சேவ் தி எலிஃபன்ட்ஸ்' அமைப்பின் ஆய்வு முகாமும் அதில் போனது. யானை ஆய்வாளர் இயன் டக்ளஸ்-ஹாமில்டன் 1993இல் தொடங்கிய அமைப்பு அது. காவலாளி அந்த நாளைப் பார்த்தவர், சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பகல் முழுக்கத் துணி காய வைத்தோம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 28, செவ்வாய் – காலியான கரை

இரண்டு நாளில் இப்படியா? முந்தாநாள்வரை சுள்ளியாக நின்ற புதர்களில் நகக்கண் அளவு தளிர். தரையில் நேராகப் பார்த்தால் மண்தான். சாய்ந்து பார்த்தால் பச்சை ஒன்று படர்ந்திருக்கிறது. பாதை ஓரமெல்லாம் தம்பலப்பூச்சி! சிவப்பு வெல்வெட்டில் தைத்ததுபோல், சின்ன வயதில் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்போமே, அதேதான், ஆனால் கொஞ்சம் பெரிசு. தம்பியும் நானும் ஜீப்புக்குள்ளிருந்தே எண்ணினோம், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டோம்.

சாயங்காலம் புற்றுகளிலிருந்து ஈசல். புகைபோல் எழுந்தது. கழுகுகூட, அவ்வளவு பெரிய பறவை, தரையில் நடந்து ஈசல் பொறுக்கித் தின்றது. தூக்கணாங்குருவி இனத்துக் குருவிகள் வேல மரத்தில் புதுக் கூடு முடைய ஆரம்பித்துவிட்டன.

ஆனால் யானை இல்லை. ஆற்றங்கரையில் நாலு மணி நேரம் சுற்றினோம், ஒன்றுகூட இல்லை. வரிக்குதிரை இல்லை, ஓரிக்ஸ் இல்லை. ஆறு மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முகாமில் புதிதாக வந்த ஒரு தம்பதி, இவ்வளவு பணம் கட்டி வந்து எதுவும் பார்க்கவில்லையே என்று சத்தம் போட்டார்கள். எனக்கும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் விலங்கெல்லாம் ஆற்றுக்கு வரும் என்றுதானே நினைத்திருந்தேன்.

வழிகாட்டி எங்களை ஆற்றை விட்டு வடக்கே ஒரு குன்றுக்கு ஏற்றிப் போனார். தொலைநோக்கியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். கீழே சமவெளி முழுக்கச் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளாகக் குட்டைகள் மின்னின. அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாம்பல் புள்ளிகள். நகர்ந்தன. "இப்போ எல்லா இடத்திலும் தண்ணி இருக்கு. அதுங்களுக்கு ஆறு வேண்டாம்" என்றார். வறட்சியில் வேறு வழியில்லாமல் கரையில் கூடியவை, ஒரே மேய்ச்சலைத் தின்று தின்று கரையை மொட்டையாக்கியவை, இன்றைக்குப் புதுப் புல்லைத் தேடிச் சிதறிவிட்டன. நான் மூன்று மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்த அந்த ஊற்றடி வரிசை, அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் வந்த வரிசை.

புல் நன்றாக ஏறியதும் தனித்தனிக் குடும்பங்கள் சேர்ந்து நூறு, இருநூறாகத் திரளுமாம். ஆண் யானைகளுக்கு மதம் பிடிக்கும். பசியில் இரண்டு வருடம் சினை பிடிக்காத பெண் யானைகளுக்கு உடம்பு தேறினால் இந்த மழையில் பிடிக்கும். இருபத்திரண்டு மாதம் சுமக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 2025 தொடக்கம். ஆய்வாளர்கள் இங்குள்ள ஒரு யானைக் குடும்பத்துக்கு 'ஸ்டார்ம்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் தலைவியாக இருந்த யானைக்கு வைத்த பெயர் மான்சூன்.

அந்தத் தம்பதியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா கேட்டுக்கொண்டார். மறுநாள் குன்றுக்குப் போவதாகச் சொன்னார்.

மார்ச் 29, புதன் – திரும்பும் வழி

வாயிலுக்குப் போகும் வழியில் ஒரு காட்டோடை. இங்கே 'லகா' என்பார்கள். வரும்போது அது ஓடை என்றே தெரியவில்லை, மணல் தெரு மாதிரி இருந்தது. இன்றைக்கு இடுப்பளவு. ஐந்து மணி நேரம் நின்றோம். எதிர்க்கரையில் ஆடு ஏற்றிய லாரி, எங்கள் கரையில் நாங்களும் ஒரு பிக்கப் வண்டியும். பிக்கப்பில் வந்த அக்கா ஒருவர் கூடையிலிருந்து மந்தாசி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். நம் இனிப்பு போண்டா போல, ஏலக்காய் போட்டது. இசியோலோவில் விற்க எடுத்துப் போகிறார். ஒன்று பத்து ஷில்லிங். காசு நீட்டினால் வாங்கவில்லை. "தண்ணி வந்த அன்னைக்கு விக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். என்னிடமிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் ஒன்றைக் கடித்துவிட்டு மீதியை முந்தானை மாதிரி இருந்த துணியில் முடிந்துகொண்டார், பிள்ளைகளுக்காக.

தண்ணீர் முழங்காலுக்கு வடிந்ததும் ஒரு பையன் குச்சியோடு இறங்கி நடந்து ஆழம் பார்த்துக் காட்டினான். பின்னாலேயே ஜீப்.

ஆர்ச்சர்ஸ் போஸ்ட் பாலத்தில் மறுபடி நிறுத்தச் சொன்னேன். சொல்லவே தேவையில்லாமல் இருந்தது. லாரி, பஸ், பைக் எல்லாம் ஓரமாக நின்றன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது பேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேச்சே இல்லை. இந்தத் தண்ணீர் கிழக்கே லோரியான் சதுப்பு நிலம்வரை போய்ச் சேரும். அங்கேயும் இப்படிச் சிலர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் சரிவில் இறங்கி என் குடிநீர் பாட்டிலைக் காலி செய்து ஆற்றில் நிரப்பிக்கொண்டேன். டீ நிறம்.

இசியோலோவில் நோன்பு திறக்கும் நேரம். பாங்கு சொன்னதும் கடைக்காரர் எங்களையும் உட்காரவைத்து, முதலில் பேரீச்சம்பழம், பிறகு நம் சமோசா போன்ற சம்புசா, ஒட்டகப் பால் டீ. ஒட்டகப் பாலில் லேசாக ஒரு புகை வாசனை. குடுவையைக் கட்டைப் புகையில் காட்டிச் சுத்தம் செய்வதால் வருவது. இரண்டு குவளை குடித்தேன், 60 ஷில்லிங்.

மார்ச் 30, வியாழன் – நைரோபி

பாட்டில் தம்பி வீட்டுச் சமையல்மேடையில் இருக்கிறது. ராத்திரியோடு அடியில் இரண்டு விரல் வண்டல் இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் தெளிந்திருக்கிறது. அதில் ஒரு தூம் பனை ஓலைத் துணுக்கு மிதக்கிறது.